கயிறு போன ஆழம்

அன்புள்ள சார்,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ வரை மலையாள மீடியம். தமிழ் வீட்டில் கற்றதுதான், பிழைகளைப் பொறுக்கவும். இப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஆட்களை ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்க நம் நாடு உருவாக்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி பற்றிய செய்திகளைப் பார்த்ததிலிருந்து ஆழ்கடல் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. அம்மாவுக்குச் சம்மதமில்லை. ஓகி புயலில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் கஷ்டப்படும்போது இத்தனை கோடியை ஆழத்தில் கொட்டுவது சரியா என்று தோழி கேட்கிறாள். இந்த நீர்மூழ்கியால் குமரிக்கண்டம் பற்றித் தெரியவருமா என்று மாமா கேட்கிறார். என் கேள்வி வேறு. மரியானா அகழியின் அடிவரைக்கும் ஆட்கள் போய் வந்துவிட்டார்கள். நான் படித்து முடிக்கும்போது முதல் ஆளாகப் போய்ச் சேர ஏதாவது ஓர் இடம் மிச்சமிருக்குமா?

எஸ்., பாறசாலை

*

அன்புள்ள எஸ்.,

உன் தமிழில் பிழை குறைவு. நாகர்கோவிலில் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களை ஒருநாள் காட்டுகிறேன்.

மாமாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தெரியவராது. லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரிலும் அதன் இனத்தைச் சேர்ந்தவை இந்தியாவிலும் இருப்பதை விளக்க 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் லெமூரியா என்று ஒரு கண்டத்தைக் கற்பனை செய்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அறிவியல் அதைக் கைவிட்டது. நாம் அதைக் குமரிக்கண்டம் ஆக்கிக்கொண்டோம், கைவிடவில்லை, அவ்வளவுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நம் கரையை ஒட்டிய திட்டுகள் கொஞ்சம் தரையாக இருந்திருக்கும். அதைப் பார்க்க ஆறாயிரம் மீட்டர் இறங்க வேண்டியதில்லை. அங்கே இருப்பது கண்டமே அல்ல, கடல்தரைப் பாறை. மாமாவிடம் மரியாதையாகச் சொல்.

தோழியின் கேள்விக்கும் நீண்ட பதில் இல்லை. மத்ஸ்யாவும் அடங்கிய ஆழ்கடல் திட்டத்துக்கு 2021இல் ஒப்புதல் தந்தபோது ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் என்றார்கள். கடலின் பருவமாற்றங்களைக் கணித்துச் சொல்வதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. 2017 நவம்பர் கடைசியில் ஓகி வந்தபோது தூரக்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேராததற்கு இந்தப் பணம் காரணமில்லை. அது வேறு வழக்கு, அதை விடாமல் கேட்கவேண்டும். இதோடு சேர்த்துக் குழப்பினால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது.

இனி உன் கேள்வி. மக்களே, கோபப்படாதே, எனக்கு அது பிடிக்கவில்லை.

போன மாதம் கொச்சி தோப்பும்படியில் என் பள்ளித்தோழனின் மகனைப் பார்த்தேன். இரையுமன்துறைக்காரன், சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரைப் புதிதாக மாட்டியிருந்தான், அதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தான். திரையில் கடலடி வண்ணக்கோடாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய பூட்டன், அதாவது என் தோழனின் பாட்டா, ஞாபகத்துக்கு வந்தார். அன்றிலிருந்து இதே யோசனைதான். இல்லாவிட்டால் உன் கடிதத்துக்கு ரெண்டு வரியில் பதில் போட்டிருப்பேன்.

பாட்டா கட்டுமரக்காரர். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார், பாகம் பாகமாகக் கை எண்ணும். குண்டு தட்டியதும் கயிறு தளர்வதை விரலில் உணர்வார். மேலே இழுத்து அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பெருவிரலால் தேய்ப்பார். சேறா, மணலா, சிப்பித்தூளா, பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டை ஒட்டிய கரடா? பிறகு கரையைத் திரும்பிப் பார்ப்பார். மலையுச்சி ஒன்றும் மாதாகோயில் கோபுரமும் நேர்கோட்டில் வருகிறதா என்று கணியம் பார்ப்பார். கண்ணுக்கே தெரியாத பார்களுக்கு அவரிடம் பெயர் இருந்தது, எந்த மாதம் எந்த மீன் எங்கே நிற்கும் என்ற கணக்கு இருந்தது. சிறுவனாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன், “பாட்டா, நீங்க போனதிலேயே எவ்வளவு ஆழம்?” அவர் சிரிக்கக்கூட இல்லை. “நான் எங்கலே போனேன்? கயிறுல்லா போச்சு. நான் மேலத்தான் இருந்தேன்.”

உன் கேள்வியும் நான் அன்று கேட்டதும் ஒன்றுதான். போவதுதான் அறிவது என்ற நினைப்பு. நான் அப்போது பத்து வயதுப் பையன். நீ இயற்பியல் படிக்கிறவள்.

முதல் ஆட்களின் கதையைப் பார். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியெஸ்ட் என்ற கலத்தில் சேலஞ்சர் ஆழத்தின், அதாவது மரியானா அகழியின் மிக ஆழமான இடத்தின், அடிக்குப் போனார்கள். இறங்க ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் ஒரு ஜன்னல் தகடு விரிசல் விட்டுக் கலமே குலுங்கியது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று உனக்குத் தெரியும்; கிட்டத்தட்ட 11,000 மீட்டருக்கு நீயே கணக்குப் போட்டுக்கொள். அந்தத் துணிச்சலுக்குக் கும்பிடு. ஆனால் அடியில் இருந்தது இருபது நிமிடம். கலம் கிளப்பிய சேற்றுத்தூளில் ஒரு புகைப்படம்கூட எடுக்க முடியவில்லை. மாந்தல் போல ஒரு தட்டைமீனைப் பார்த்ததாக பிக்கார்ட் சொன்னார். இன்றுவரை மீன் படமாக்கப்பட்ட அதிகபட்ச ஆழம் 8,336 மீட்டர், ஜப்பானை ஒட்டிய அகழியில். அதற்கு மிகக் கீழே மீனுடல் தாங்காது என்பதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. அவர் பார்த்தது கடல்வெள்ளரியாக இருக்கலாம் என்கிறார்கள். முதல் ஆளின் கண் கொண்டுவந்த சாட்சி அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு 52 ஆண்டுகள் அங்கே யாரும் போகவில்லை. 2012இல் ஜேம்ஸ் கேமரூன் தனியாகப் போனார். 2019இல் விக்டர் வெஸ்கோவோ போனார். அடுத்து என்ன நடந்தது? இருவரில் யார் சில மீட்டர் அதிகம் போனது என்ற தகராறு. எவரெஸ்ட் உச்சியில் கொடி நட்டுப் படம் பிடிக்கிற அதே மனசு தலைகீழாக இறங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தைப் பார். அந்த ஆழத்துக்குப் பெயர் கொடுத்த சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை சுற்றியது. நிறுத்துவது, கயிறு இறக்குவது, இழுப்பது, சேற்றை அள்ளிச் சலிப்பது, எழுதுவது, மறுபடி நிறுத்துவது. மாலுமிகளுக்குச் சலிப்புத் தாங்கவில்லை, பலர் துறைமுகங்களில் இறங்கி ஓடிவிட்டார்கள். 1875 மார்ச் 23 அன்று மரியானா பக்கம் கயிறு 4,475 பாகம் போயிற்று, 8,184 மீட்டர். யாரும் இறங்கவில்லை. கப்பல் கொண்டுவந்ததை எழுதி முடிக்க 1895 வரை ஆனது, ஐம்பது தொகுதிகள். ஆயிரக்கணக்கான புதிய உயிர்கள் அதற்குள் இருக்கின்றன.

மேரி தார்ப்பை உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அது உன் கல்லூரியின் குற்றம். பெண் என்பதால் அவரைப் பல ஆண்டுகள் ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. ஆண்கள் கடலிலிருந்து கொண்டுவந்த ஆழ எண்களை மேஜையில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைந்தார். 1952இல் அட்லாண்டிக்கின் நடு மலைத்தொடர் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவு ஓடுவதைக் கண்டார். உடன் வேலைசெய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பக்கத்து மேஜையில் நிலநடுக்க மையங்களைக் குறித்த வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தால் எல்லாம் அந்தப் பிளவிலேயே விழுந்தன. நம்பாமல் கேமராவை இழுத்துப் போய்ப் படமெடுத்த பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்டோவும் பிளவு இருப்பதை ஒப்புக்கொண்டார். கண்டங்கள் நகர்வதை உலகம் ஏற்க அந்த மேஜை ஒரு பெரிய காரணம். அவர் எந்த ஆழத்துக்குப் போனார்?

சரி, போகவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 1977இல் பசிபிக்கின் கலாபகஸ் தீவுகள் அருகே ஆல்வின் என்ற நீர்மூழ்கி ஆட்களோடு இறங்கியபோது சூரியனே எட்டாத 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டம் இருந்தது. கப்பலில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. மாதிரிகளைப் போட்டுவைக்கப் போதுமான ரசாயனமில்லாமல் ஓட்காவில் ஊறப்போட்டார்கள். ஆனால் அங்கே இறங்கவேண்டும் என்று எப்படித் தெரிந்தது? முதலில் கயிற்றில் இழுத்துப்போன கருவி ஓரிடத்தில் சற்று வெப்பம் கூடியதைக் காட்டியது. அங்கேயும் கயிறுதான், பார்த்தாயா.

மத்ஸ்யாவின் டைட்டானியக் கோளம் 2.1 மீட்டர் விட்டம். மூன்று பேர் உட்கார இடமுண்டு. 2025 ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் பிரெஞ்சுக் கலத்தில் 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் இறங்கிப் பழகி வந்தார்கள், சந்தோஷம். மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்கு ஒதுக்கிய 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக உருண்டைகள் கிடக்கின்றன. பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டர் வளர்கிறவை. அவற்றை வாரத் தொடங்கினால் மண்ணைத் தேய்த்துப் பார்க்கத் தெரிந்த யாராவது அங்கே இருக்கவேண்டும். முதல் ஆளாகப் போகத் துடிக்கிறவர்கள் அதற்கு உதவமாட்டார்கள்.

உலகக் கடலடியில் ஏறத்தாழ கால்பங்குதான் சரியாக அளந்து முடிந்திருக்கிறது. இடம் மிச்சமிருக்குமா என்று இனியும் கேட்காதே.

பட்டப்படிப்பை ஒழுங்காக முடி. ஒலியியலில் எனக்குத் தெரிந்ததைவிட உனக்குத் தெரிந்திருக்கும், அதை விடாதே. கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கடலறிவியல் துறைகளில் எம்.எஸ்ஸி.க்குப் பார். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில்தான் மத்ஸ்யா உருவாகிறது, மாணவர்களுக்கான பயிற்சி பற்றி அவர்களுக்கு எழுதிக் கேள். அம்மாவிடம் நான் பேசமாட்டேன், அது உன் வேலை. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளை வழியாக பஸ் பிடித்து வா. தோழனிடம் சொல்லி வள்ளத்தில் ஏற்றிவிடுகிறேன். வாந்தி எடுக்கிறாயா இல்லையா என்று தெரிந்துகொண்டு விண்ணப்பம் போடலாம்.

அன்புடன்