ஃபர்ஸ்ட் ஏசி டிக்கெட் கையில் இருக்கிறது. சென்ட்ரலில் மூன்றரை மணி நேரம் எங்கே உட்காருவது?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். தங்கை வளைகாப்புக்காக இருவரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் கோவை போகிறார்கள். தெரிந்த ஏஜென்ட் மூலம் ஃபர்ஸ்ட் ஏசி போட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கன்ஃபர்ம், அம்மாவுக்கு வெயிட்டிங் லிஸ்ட் 1. எனக்கு மணலியில் இரவு ஷிப்ட் என்பதால் மாலை ஐந்தரைக்கே சென்ட்ரலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். வண்டி ஒன்பது மணிக்கு மேல். எழும்பூர் ஓய்வறைதான் நன்றாக இருக்கும் என்கிறார் மாமா. பெரம்பூரில் ஏறினால் கூட்டமே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சிகாகோவில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே முதல் வகுப்புக்காரர்களுக்குத் தனி லவுஞ்ச், டீயும் பிஸ்கட்டும் இலவசம் என்கிறார். ஏஜென்ட் 1,500 ரூபாய் கொடுத்தால் லவுஞ்ச் பாஸ், வீல்சேர், தனிக் கூப்பே எல்லாம் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஏஜென்ட் விற்கப் பார்க்கும் மூன்றில், உட்கார இடமும் வீல்சேரும் உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவதான கூப்பேயை, அதாவது இருவருக்கு மட்டுமான அறையை, அவரால் தரவே முடியாது. ரயில்வேயின் டிக்கெட் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் சிகாகோ. அங்கே யூனியன் ஸ்டேஷனில் ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்தின் மெட்ரோபாலிடன் லவுஞ்ச் இருக்கிறது. படுக்கை அறை டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது கட்டணத்திலேயே சேர்ந்தது, நொறுக்குத் தீனியும் தருவார்கள். உறவினர் சொன்னது சரி. நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. இங்கே இருப்பவை மூன்று. உயர் வகுப்பு வெயிட்டிங் ஹாலில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி இலவசமாக உட்காரலாம். கட்டண ஏசி லவுஞ்ச் சில நிலையங்களில்தான் உண்டு, ஒப்பந்தக்காரர்கள் நடத்துவது. அங்கே உங்கள் வகுப்பை யாரும் பார்ப்பதில்லை. ஸ்லீப்பர் டிக்கெட்காரரும் காசு கட்டினால் உள்ளே போகலாம், ஃபர்ஸ்ட் ஏசிக்காரரும் காசு கட்டித்தான் போக வேண்டும். மூன்றாவது ரிட்டயரிங் ரூம். கட்டிலும் குளியலறையும் உள்ள அறை, டிக்கெட்டில் இருக்கும் முன்பதிவு எண்ணை (பி.என்.ஆர்.) வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்வது.

ஆகவே "லவுஞ்ச் பாஸ்" என்று ஒருவர் முன்கூட்டியே பணம் கேட்டால், எந்த லவுஞ்ச், எந்த நிலையம், யார் பெயரில் ரசீது என்று கேளுங்கள். பதில் வராது. அநேகமாக அவர் உங்கள் அப்பாவை அந்த இலவச வெயிட்டிங் ஹாலுக்குத்தான் கூட்டிப் போவார். நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரிய நிலையத்தில் வயதான தம்பதி ஒருவரிடம், ஏசி ஹாலில் உட்கார ஆளுக்கு ஐம்பது என்று வாங்கியிருந்தார்கள். அவர்கள் கையில் இரண்டாம் வகுப்பு ஏசி டிக்கெட் இருந்தது. உரிமையோடு உட்காரும் இடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, வாங்கியவனுக்கு நன்றியும் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கட்டண லவுஞ்ச் உள்ள ஊரில் போவதாக இருந்தால் கட்டணத்தை ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேர், மூன்றரை மணி என்றால் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை இரண்டால் மட்டும் பெருக்கினால் போதாது. அடுத்தடுத்த மணி நேரத்துக்குத் தனிக் கணக்கு, சாப்பாட்டுக்குத் தனிக் கணக்கு. வங்கி கார்டில் லவுஞ்ச் இலவசம் என்று போட்டிருந்தால், அந்தக் கார்டின் பட்டியலில் நீங்கள் ஏறும் நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது விமான நிலையத்துக்கு மட்டும்தான். மகனின் கார்டை அப்பா நீட்டினாலும் செல்லாது.

சரி, எந்த நிலையம்? உங்கள் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியையும் கூட்டத்தையும் பார்க்கிறார்கள். முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்குப் பார்க்க வேண்டியது வேறு. உட்காரும் இடத்திலிருந்து கழிப்பறை எத்தனை அடி, பெட்டி எத்தனை அடி, நடுவில் எத்தனை படி? இந்தக் கணக்கில் சென்ட்ரலை வேறு எதுவும் நெருங்க முடியாது. 1873-இல் திறந்த அந்த நிலையம் தண்டவாளம் முடிகிற இடம். நெடுந்தூர வண்டிகளின் நடைமேடைகள் எல்லாம் முன்கூடத்தில் வந்து முடிகின்றன. எந்த நடைமேடைக்கு வண்டி வந்தாலும் பாலம் ஏறாமல் தரை வழியே போய்விடலாம். எழும்பூர் அப்படியில்லை. 1908-இல் திறந்த அழகான கட்டடம்தான், ஆனால் வண்டிகள் ஊடே போகிற நிலையம், 11 நடைமேடை. நடுவில் உள்ள நடைமேடைக்குப் பாலம் ஏறி இறங்க வேண்டும், அல்லது லிஃப்டை நம்ப வேண்டும். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய மறுசீரமைப்பு வேலையும் சேர்ந்துகொண்டால், நேற்று இருந்த வழி இன்று அடைத்திருக்கும். எப்படியும் உங்கள் வண்டி எழும்பூரிலிருந்து கிளம்பவில்லை. அங்கே நல்ல நாற்காலி இருந்து என்ன பயன்?

பெரம்பூர் எனக்குப் பிடித்த நிலையம். இருந்தும் உங்களுக்கு வேண்டாம். முதலில் உங்கள் வண்டி அங்கே நிற்கிறதா என்றே பார்க்க வேண்டும். நின்றாலும் இரண்டு நிமிடம் நிற்கிற வண்டியில், ஃபர்ஸ்ட் ஏசி பெட்டி நீங்கள் நினைத்த இடத்துக்கு நாலு பெட்டி தள்ளி வந்து நின்றால், வாக்கர் வைத்திருப்பவர் ஓட முடியுமா? இன்னொன்று, ஏறும் இடத்தைப் பெரம்பூர் என்று மாற்றிவிட்டால் அப்புறம் சென்ட்ரலில் ஏறும் உரிமை போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு மாற்றிவிட்டு, கடைசி நேரத்தில் சென்ட்ரலுக்கே போய் டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) மாட்டியவர்கள் நிறைய.

ராயபுரம் ஞாபகம் வருகிறது. 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் போனது. அந்தத் தூண் வைத்த கட்டடம் இன்னும் நிற்கிறது, ஆனால் நிற்பது புறநகர் வண்டிகள்தான். வடசென்னையில் இத்தனை லட்சம் பேர் இருந்தும், நெடுந்தூர வண்டி ஏற வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது லவுஞ்ச் இல்லை. அம்மாவின் வெயிட்டிங் லிஸ்ட் 1. ஆன்லைன் டிக்கெட்டில் எல்லாருமே வெயிட்டிங் லிஸ்டில் இருந்து, சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் கன்ஃபர்ம் ஆகவில்லை என்றால் டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு வண்டியிலும் ஏற முடியாது, வெயிட்டிங் ஹாலிலும் உட்கார முடியாது. ஃபர்ஸ்ட் ஏசியில் ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்து உட்காரும் ஆர்.ஏ.சி. என்பதே கிடையாது என்பதால் பாதி இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் ஒரே பி.என்.ஆரில் ஒருவருக்குக் கன்ஃபர்ம், இன்னொருவருக்கு வெயிட்டிங் என்றால் கதை வேறு. அந்த இருவர் பெயருமே சார்ட்டில் இருக்கும், டிக்கெட் உயிரோடு இருக்கும், இருவரும் சேர்ந்து போகலாம். அம்மாவுக்குத் தனிப் படுக்கை உறுதியில்லை. காலியாகிற படுக்கையை டிடிஇயிடம் கேட்க வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட் 1 என்பதால் அதற்கு முன்பே கன்ஃபர்ம் ஆகவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இரண்டும் ஒரே பி.என்.ஆரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சில ஏஜென்ட்கள் இருவருக்கும் தனித்தனியாக டிக்கெட் போடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் கமிஷன் வரும் என்பதால். அப்படிப் போட்டிருந்தால் அப்பாவின் டிக்கெட் அப்பாவுக்கு மட்டும்தான். அம்மாவின் டிக்கெட் தனியாக ரத்தாகி, சென்ட்ரல் வாசலில் வைத்துத்தான் தெரியவரும். இன்றைக்கே இரண்டு டிக்கெட்டையும் எடுத்து மேலே இருக்கும் பத்து இலக்க எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் நிம்மதியாக இருங்கள். வேறு வேறு என்றால், இப்போதே இருவருக்கும் சேர்த்து செகண்ட் ஏசியில் இடம் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். தட்கலில் ஃபர்ஸ்ட் ஏசி வாங்கித் தருகிறேன் என்று அதே ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃபர்ஸ்ட் ஏசிக்குத் தட்கல் ஒதுக்கீடே கிடையாது.

கூப்பே விஷயமும் அதே வகைதான். இரண்டு படுக்கை கொண்டது கூப்பே, நான்கு படுக்கை கொண்டது கேபின். எது யாருக்கு என்பது சார்ட் போடும்போதுதான் முடிவாகும். டிக்கெட் வாங்கும்போது யாராலும் உறுதி தர முடியாது. கிடைத்தால் ஏஜென்ட் "நான்தான் பேசி வாங்கினேன்" என்பார், கிடைக்காவிட்டால் "மேலிடத்தில் அழுத்தம்" என்பார். அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் எந்த நிலையத்துக்குப் போனாலும் இவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். இலவச ஹால் இந்தப் பக்கம் என்று ஒரு பெரிய பலகை வைத்து, தமிழில் நாலு வரி எழுதினால் பாதிப் பேர் பிழைப்பு நின்றுவிடும். அதைச் செய்ய எத்தனை வருடம் வேண்டும்?

வீல்சேர் நிலையத்தின் உடைமை, அதற்கு வாடகை இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தள்ளுவதற்குப் போர்ட்டர் வேண்டுமென்றால் அவருக்குக் கட்டணம் உண்டு, பலகையில் எழுதியிருக்கும். முதலில் தொகை பேசிவிட்டுப் பெரியவரை உட்கார வையுங்கள். உட்கார்ந்த பிறகு பேசினால் ஐந்நூறில்தான் ஆரம்பிப்பார்கள். பெட்டி தூரத்தில் இருந்தால் இது அவசியம். 22 பெட்டி, ஒவ்வொன்றும் சுமார் 24 மீட்டர் என்றால் கடைசிப் பெட்டிக்கு அரை கிலோமீட்டர் நடை. பாட்டரி கார் கண்ணில் பட்டால் அதுவே மேல்.

நீங்கள் கூடவே உள்ளே போய் உட்கார வைக்க நினைக்கிறீர்கள். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் அது உங்களுக்கு வெயிட்டிங் ஹாலில் உட்காரும் உரிமையைத் தராது. இருவரையும் விட்டுவிட்டுக் கிளம்பும்போது டிக்கெட் உங்கள் செல்போனோடு மணலிக்குப் போய்விடக் கூடாது. ஹாலில் இருப்பவர் டிக்கெட் கேட்பார், பேரேட்டில் எழுதுவார். அப்பாவின் போனுக்கு டிக்கெட் குறுஞ்செய்தியை அனுப்புங்கள், அச்செடுத்த தாளும் ஆதார் கார்டும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். அம்மா பெண்கள் அறையில் தனியாக உட்கார விரும்பினால் அவரிடமும் ஒரு தாள் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மனதில் பட்டதைச் சொல்கிறேன் தம்பி. ஐந்தரைக்கு ஏன் விட வேண்டும்? முழங்கால் வலிக்காரருக்கும் சர்க்கரைக்காரருக்கும் மூன்றரை மணி நேரம் உட்காரச் சிறந்த இடம் தண்டையார்பேட்டையில் உங்கள் வீடுதான். சொந்தக் கழிப்பறை, சொந்தக் கட்டில். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் சென்ட்ரல். லிஃப்ட் இருக்கிறது. தெரிந்த பையன் ஒருவனை ஏழேகாலுக்கு வரச் சொல்லிக் கூட அனுப்புங்கள், அல்லது நம்பகமான ஆட்டோ பேசிவிடுங்கள். அந்த 1,500 ரூபாயில் பாதிகூட ஆகாது. எட்டு மணிக்குள் சென்ட்ரலில் இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

அம்மாவின் சாப்பாட்டு நேரத்தை வண்டியை நம்பி வைக்காதீர்கள். ராஜதானி மாதிரி இந்த வண்டியில் கட்டணத்தோடு உணவு கிடையாது. இட்லியோ தயிர்சாதமோ டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். அவருக்கு வழக்கமான ஊசி நேரம் எதுவோ அந்தக் கணக்கில் வீட்டிலோ ஹாலிலோ சாப்பிட்டுவிடட்டும். தண்ணீர் பாட்டில் வாங்கினால் ரெயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய், 2025 செப்டம்பரில் குறைத்த விலை. இருபது கேட்டால் கொடுக்க வேண்டாம். ஹாலில் யாராவது காசு கேட்டாலும், ஏசி ஓடாவிட்டாலும், கழிப்பறைக் கதவு பூட்டியிருந்தாலும் ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் பி.என்.ஆரையும் பெட்டி எண்ணையும் பெரிய எழுத்தில் அதே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.