எட்டு, ஐந்து, இரண்டு: கொவிட் கட்டுப்பாடுகள் பற்றி ஒரு தாதியிடம் கேட்டவை

சிங்கப்பூரில் பொது மருத்துவமனை ஒன்றில் தாதியாகச் சேர்ந்து, கடைசி ஆண்டுகளில் படுக்கை ஒதுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவசரப் பிரிவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எந்த வார்டில் யார் இன்று வீட்டுக்குப் போகலாம், யாரை எங்கே மாற்றலாம் என்று நாள் முழுக்கத் தொலைபேசியோடு மல்லுக்கட்டுவதுதான் அந்த வேலை. கொவிட் கால விதிமுறைகளைப் பற்றி நம் குடும்ப விசேஷங்களில் இன்னமும் சண்டை நடக்கிறது. அதனால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஈசூன் வாசகர்: உணவங்காடியில் ஒரு மேசைக்கு எட்டுப் பேர் என்றார்கள், அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டு, திரும்ப ஐந்து. கொவிட் கிருமிக்கு எண்ணத் தெரியுமா சிஸ்டர்?

உங்கள் கிண்டல் புரிகிறது. வெளியே எத்தனை பேர் ஒன்றுகூடலாம் என்பதன் முழுப் பட்டியலையும் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். 2020 டிசம்பர் 28இல் கட்டுப்பாட்டுத் தளர்வின் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது 8 பேர். 2021 மே 8இல் 5. மே 16இல் 2, கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் தடை. ஜூன் நடுவில் 5, ஜூலை 22இல் மறுபடி 2, ஆகஸ்ட் 10இல் தடுப்பூசி போட்டவர்களுக்கு 5, செப்டம்பர் 27இல் 2, நவம்பர் 22இல் 5. அடுத்த மார்ச் 29இல் 10. ஏப்ரல் 26இல் வரம்பே போய்விட்டது.

ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆபத்தில்லை, ஆறாவது ஆள் வந்தால் ஆபத்து என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஊரில் ஒருவரையொருவர் சந்திப்பது மொத்தமாக எவ்வளவு குறைய வேண்டும் என்பதுதான் கேள்வி. அதைக் குறைக்கக் கையில் இருந்த சில வழிகளில் மேசை எண்ணிக்கையும் ஒன்று. இன்று தொற்று கண்டவருக்கு நிலைமை மோசமானால் அவர் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து வார்டுக்கு வருவார். அதற்கும் மேலே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவு, அங்கே வாரக்கணக்கில் இருப்பார். அதனால் இன்று ஐந்தை இரண்டாக்கினால் மருத்துவமனையில் மூச்சுவிட இடம் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இன்று வார்டில் இடம் இருக்கிறதே என்று பார்த்து முடிவெடுத்தால் அதற்குள் காரியம் கைமீறிப் போய்விடும்.

இதை அரசாங்கம் சொல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வோர் அறிவிப்பும் விதிமுறைப் பட்டியலாகத்தான் வந்தது. ‘மூன்று வாரம் கழித்து வார்டில் இத்தனை இடம் வேண்டும், அதற்காகத்தான் இது’ என்று ஒரு வரி முதலில் வந்திருந்தால் காப்பிக்கடையில் பாதிச் சண்டை குறைந்திருக்கும். நுணுக்கமும் அளவு மீறியது. சாப்பாட்டுக் கடைகளில் பாட்டுப் போடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது, நினைவிருக்கிறதா? சத்தம் இருந்தால் ஆட்கள் உரக்கப் பேசுவார்கள், எச்சில் துளி தெறிக்கும் என்று காரணம். 2021 நவம்பர் வரை அது ஓடியது. காரணம் சரிதான், ஆனால் ஊர் சிரித்தது.

தெம்பனிஸ் வாசகர்: 80 விழுக்காட்டினர் இரண்டு தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்று 2021 ஆகஸ்ட் கடைசியில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் மறுபடி இரண்டு பேர் விதி. அப்படியென்றால் ஊசி எதற்கு?

அதிகமானோர் கேட்ட கேள்வி இதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். தொற்று கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் மருத்துவமனை தேவை என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 50 பேருக்குத் தொற்று என்றால் இரண்டு நாளைக்கு ஒருவர் வருவார், யாருக்கும் தெரியாது. நாளைக்கு 3,000 என்றால் தினமும் 30 பேர். ஆளுக்குப் பத்து நாள் தங்கினால் 300 படுக்கை அவர்களிடமே இருக்கும். பக்கவாதம், மாரடைப்பு, இடுப்பெலும்பு முறிவு எல்லாம் வழக்கம்போல வந்துகொண்டேதான் இருக்கும். டெல்டா வகைக் கிருமி வந்தபோது 2021 அக்டோபர் 27இல் ஒரே நாளில் 5,324 பேர். ஊசி வேலை செய்தது. தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களில் பெரும்பகுதி ஊசி போடாதவர்கள்தான், அதிலும் முதியவர்கள். ஆனால் ஊரில் சிறு பங்காக இருந்தாலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மூன்று வேளை மாத்திரை போடும் எண்பது வயதுத் தாத்தா ஊசி வேண்டாம் என்று வீட்டில் இருந்தார், பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்தது.

அக்டோபர் 20ஆம் தேதிவாக்கில் தனிமைப் படுக்கைகளில் கிட்டத்தட்ட 90 விழுக்காடும் கொவிட்டுக்கான தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கும் நிரம்பியிருந்தன. 90 என்றால் 10 மிச்சம் என்று நினைக்காதீர்கள். ஆண் வார்டில் இடம் இருந்தால் பெண் நோயாளி காத்திருப்பார். சுத்தம் செய்யவேண்டிய படுக்கை இருக்கும், தாதி இல்லாத படுக்கையும் இருக்கும். எங்களுக்கு 90 என்றால் நிரம்பிவிட்டது என்றுதான் பொருள்.

அந்தச் செப்டம்பரில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. வீட்டிலேயே குணமடையலாம் என்ற திட்டம் தொடங்கிய புதிது. தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பயந்துபோய் லேசான காய்ச்சல்காரர்கள் நேராக அவசரப் பிரிவுக்கு வந்து நின்றார்கள். கடைசியில் ராணுவத்தினரை அழைத்து அந்தத் திட்டத்தைச் சீர்படுத்த வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், அந்த இரண்டு பேர் விதியில் ஒரு பங்கு இந்த முன்தயாரிப்புக் குறைவுக்காக நாம் கொடுத்த விலை.

பொங்கோல் வாசகர்: படுக்கைதான் பிரச்சினை என்றால் வாங்கிப் போடவேண்டியதுதானே. சிங்கப்பூர் எக்ஸ்போவில் மண்டபம் மண்டபமாகப் போட்டார்களே.

எக்ஸ்போ லேசான அறிகுறி உள்ளவர்களுக்கு. கட்டிலும் மெத்தையும் ஒரு வாரத்தில் போட்டுவிடலாம். சுவாசக் கருவியில் இருப்பவரைப் பார்க்கப் பொதுவாக ஒரு தாதி முழுநேரமும் பக்கத்தில் வேண்டும். மூன்று ஷிப்ட், வார விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் கூட்டினால் ஒரு படுக்கைக்கு நாலைந்து பேர். அதுவும் தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள். அறுவைச் சிகிச்சைக் கூடத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்தால் அங்கே அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும். முழங்கால் மாற்று சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேளுங்கள், ஏன் தள்ளிப்போனது என்று யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நம் வார்டுகளில் பிலிப்பீன்ஸ், இந்தியா, மலேசியா, மியன்மாரிலிருந்து வந்த தாதியர் நிறைய. ஊருக்குப் போக முடியாது, போனால் திரும்ப முடியுமா என்று தெரியாது. 2021இன் முதல் பாதியிலேயே கிட்டத்தட்ட 500 வெளிநாட்டு மருத்துவர்களும் தாதியரும் வேலையை விட்டார்கள். 2020இல் முழு ஆண்டுக்கே அந்த அளவுதான். அப்போதைய சுகாதார மூத்த துணையமைச்சர் ஜனில் புதுச்சேரி நாடாளுமன்றத்தில் சொன்ன தகவல் இது. சாளரத்தில் நின்று கைதட்டியது நல்ல விஷயம்தான். மூன்று ஆண்டாகப் பிள்ளையைப் பார்க்காதவளுக்கு விடுப்பு கிடைத்திருந்தால் அது இன்னும் நல்ல விஷயம்.

துவாஸில் வேலை செய்யும் தம்பி: அக்கா, நாங்கள் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருந்தோம். ஊரே கடைத்தொகுதிக்குப் போனபோதும் எங்களை வெளியே விடவில்லை. அதுவும் ஆஸ்பத்திரி இடத்துக்காகத்தானா?

தொடக்கத்தில் ஆமாம். அப்புறம் இல்லை.

2020 ஏப்ரல் 5இல் பொங்கோல் எஸ்11, தோ குவான் வெஸ்ட்லைட் என இரண்டு விடுதிகளை முதலில் தனிமைப்படுத்தினார்கள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலும், ஒரே குளியலறை, ஒரே சமையலறை. சில லட்சம் பேர் தங்கியிருந்த விடுதிகளில் கட்டுக்கடங்காமல் பரவி, எல்லாரும் ஒரே வாரத்தில் மருத்துவமனைக்கு வந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஆனால் நீங்கள் எல்லாம் இளைஞர்கள். தீவிர சிகிச்சைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். 2020 டிசம்பரில் வந்த கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அடுத்த ஆண்டு ஊசியும் போட்டாயிற்று. அப்போது மருத்துவமனைக்கு உங்களால் வரக்கூடிய சுமை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் என் வயதுக்காரர்களால் வருவதைவிடக் குறைவு. ஆனாலும் 2021 செப்டம்பரில்தான் வாரத்துக்கு 500 பேரை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போகும் சோதனைத் திட்டமே தொடங்கியது. அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியே வர 2022 ஜூன் 24 வரை காத்திருந்தீர்கள். அப்போதும் ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற நாலு இடங்களுக்கு மட்டும் சீட்டு கேட்டார்கள்.

நான் செய்த வேலையின் கண்ணால் பார்த்தால் இதற்கு ஞாயம் கிடையாது. கட்டுப்படுத்துவது சுலபம் என்பதால் கட்டுப்பாடு நீண்டது. 2023 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை விடுதி விஷயத்தில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. இனிக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்றும் விதி வந்துவிட்டது. உள்ளே இருந்த உங்களுக்கு அது போதுமா என்று நான் சொல்ல முடியாது தம்பி.

சிராங்கூன் வாசகி: 2020இல் நோய்ப்பரவல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்திய மறுநாள் தைப்பூசம் நடந்தது. 2021இல் தொற்றே இல்லாதபோது பாத ஊர்வலம் இல்லை. தலைகீழாக இல்லையா?

எண்ணிக்கையைப் பார்த்தால் தலைகீழ்தான். 2020 பிப்ரவரி 7இல் மொத்தமே 33 பேர், ஆனால் கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2021 ஜனவரியில் எல்லாம் தெரியும், ஊசிதான் இன்னும் ஊரில் எல்லாருக்கும் வந்து சேரவில்லை. 2020இல் பயப்படாதது அதிர்ஷ்டம், 2021இல் பயந்தது பாடம்.

ஜூரோங் வாசகர்: ஸ்வீடன் பூட்டவே இல்லை, ஒன்றும் ஆகவில்லையே?

2020 டிசம்பரில் அந்நாட்டு மன்னரே தோற்றுவிட்டோம் என்று வருந்தினார். முதியோர் இல்லங்களில் அத்தனை சாவு, பக்கத்து நார்வே, பின்லாந்தைவிட நிலைமை மோசம். ஆனால் சில ஆண்டுகள் கழித்துக் கூட்டிப் பார்க்கும்போது ஐரோப்பாவில் பல நாடுகளைவிட ஸ்வீடன் பரவாயில்லை. இரண்டும் உண்மை. குடும்ப விசேஷத்தில் வாதாடும்போது உங்களுக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: டிரேஸ்டுகெதர் செயலியின் தகவலைப் போலிஸ் பார்க்கலாம் என்று பிறகுதானே சொன்னார்கள்? எனக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது.

தொடர்புத் தடமறிய மட்டுமே என்று 2020இல் சொன்னார்கள். 2021 ஜனவரியில்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலிஸ் கேட்கலாம் என்பது நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. பிப்ரவரியில் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்து ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். நம்பிக்கை போனது நியாயம். நோய்த் தடுப்புக்கு அந்தச் செயலி உதவியது என்பதும் நிஜம். தடமறிபவர்கள் மணிக்கணக்கில் தொலைபேசியில் விசாரித்ததை அது வெகுவாகச் சுருக்கியது.

பிடோக் வாசகர்: ஊசி போடாத என் அண்ணனுக்கு முழு பில்லும் கட்டச் சொன்னார்களாம். மனிதாபிமானமா இது?

முழு பில் இல்லை. 2021 டிசம்பர் 8 முதல், தன் விருப்பத்தால் ஊசி போடாதவர்களுக்குக் கொவிட் சிகிச்சை இலவசம் என்பது நின்றது. வழக்கமான அரசு மானியமும் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதியும் இருந்தன. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. புகைபிடிப்பவரின் நுரையீரலுக்கு நாங்கள் விலை கேட்டதில்லை.

புக்கிட் பாத்தோக் வாசகி: அம்மா 2021 அக்டோபர் தொடக்கத்தில் வார்டில் இருந்தார். கொவிட் இல்லை. எங்களை உள்ளே விடவில்லை. கடைசி நாளில்தான் கூப்பிட்டார்கள். அதே ஆண்டு கேடிவி எனப்படும் கரவோக்கே கூடங்களில் ஆட்டம் போட்டார்கள். எப்படி ஆறுவது?

வருந்துகிறேன் அம்மா.

ஏன் அந்த விதி என்று மட்டும் சொல்கிறேன். 2021 ஏப்ரல் இறுதியில் டான் டோக் செங் மருத்துவமனையில் ஒரு வார்டிலிருந்து கிருமி பரவியது. அதன் பிறகு எல்லா மருத்துவமனைகளுக்கும் உள்ளேயே பரவும் பயம் வந்துவிட்டது. ஒரு வார்டில் பரவினால் நோயாளிகள் மட்டுமல்ல, அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் தனிமைக்குப் போகவேண்டும். வார்டே மூடும். செப்டம்பர் 24இலிருந்து அக்டோபர் 23 வரை வருகையாளர்களை நிறுத்தியது இதனால்தான். உயிருக்குப் போராடுபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ‘உயிருக்குப் போராடுகிறார்’ என்று எப்போது முடிவு செய்வது? அதைச் சொல்வதற்குள் சில நேரம் காலம் கடந்துவிடும். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். காது கேட்காத பாட்டிக்கு அது வெறும் வெளிச்சம்.

எல்லா விதிகளிலும் இதைத்தான் நான் திருத்துவேன். ஊசி போட்ட, பரிசோதித்த ஒரே ஒருவருக்கு, முகக்கவசத்தோடு, தினமும் அரைமணி நேரம். அந்த ஒருவரால் வரும் ஆபத்தைத் தாங்கியிருக்கலாம். கேடிவி பற்றி உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உட்லண்ட்ஸ் வாசகர்: கொவிட் போய்விட்டது. இப்போதும் அப்பாவுக்கு வார்டில் இடம் கிடைக்க அவசரப் பிரிவில் பல மணி நேரம் ஆனது. ஏன்?

கொவிட் காட்டிய பிரச்சினைதான் இது, கொவிட் உண்டாக்கியது இல்லை. நமக்கு வயதாகிறது. ஒருவர் வந்தால் முன்பைவிட அதிக நாள் தங்குகிறார், ஒரே நேரத்தில் நாலு நோய். கட்டுமானம் கொவிட்டால் தாமதமாகி, உட்லண்ட்ஸ் சுகாதார வளாகம் 2023 டிசம்பரில்தான் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது. தொற்றுநோய்க்கென்று தனி அமைப்பு 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது. அது நல்லது, ஆனால் உங்கள் அப்பாவுக்கு இன்று இரவு படுக்கை தராது.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வார்டில் சேர்ந்த முதல் நாளே ‘எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள், அதற்கு வீட்டில் என்ன வேண்டும்’ என்று கேளுங்கள். சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, பார்த்துக்கொள்ள ஆள் என்று கடைசி நாளில் தேடத் தொடங்குவதால் மட்டும் நாலைந்து நாள் படுக்கையிலேயே கிடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலைமை ஒத்துவந்தால் வீட்டிலேயே மருத்துவமனைக் கவனிப்பு தரும் திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து அது வழக்கமான சேவை. தாதி வீட்டுக்கு வருவார், மருத்துவர் காணொளியில் பார்ப்பார். ஆனால் தனியாக இருக்கும் முதியவருக்கு அதை ஒத்துக்கொள்ளாதீர்கள், யாராவது கூட இருக்கவேண்டும்.