மோகனத்தில் தப்பே வராது

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் கட்டிடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து கல்லூரி முற்றத்தில் ஒரு சவுண்ட் இன்ஸ்டலேஷன் செய்துகொண்டிருக்கிறோம். பன்னிரண்டு மரப்பலகைகள். ஒவ்வொன்றிலும் கால் வைத்தால் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். வருகிறவர்கள் நடந்தே ஒரு இசையை உருவாக்கலாம். யார் மிதித்தாலும் இனிமையாக இருக்கட்டும் என்று மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டுமே வைத்திருக்கிறோம். சோதனை செய்த அன்று பலர் இரண்டு பலகை ஏறிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நம் மக்களுக்கு ரசனை இல்லையா? எந்த சென்சர் நல்லது, விளக்கக் குறிப்பை எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

சென்சரைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கேளுங்கள். விளக்கக் குறிப்பு வேண்டவே வேண்டாம்.

ரசனை இல்லாத மக்கள் என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். படிப்பே முடியவில்லை, அதற்குள் இந்தச் சலிப்பு உங்களுக்கு ஆகாது. இரண்டு பலகை ஏறியவருக்கு மூன்றாவதில் என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. போய்விட்டார். அவர் ரசனை சரியாகத்தான் இருக்கிறது.

நானும் சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வணிக வளாகத்தில், மிதித்தால் ஒளிர்ந்து ஒலிக்கும் தரை. ஒரு சிறுமி அதில் ஓடினாள், மெல்ல நடந்தாள், பிறகு உட்கார்ந்து கையால் ஓங்கி அறைந்தாள். எல்லாவற்றுக்கும் அதே கிணுகிணுப்பு. அம்மாவிடம் போய், "அதுவாப் பாடுதும்மா" என்றாள்.

மோகனத்தை ஏன் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று தெரியும். ச ரி க ப த. அரைச்சுர இடைவெளியில் உரசிக்கொள்ளும் ஸ்வரங்கள் அதில் இல்லை. எதை எதோடு சேர்த்து மிதித்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். (கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, இல்லாத அதை மோகனம் என்பதே அதிகம். அது வேறு சண்டை.) ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் வழியில் குழந்தைகளுக்கு இசை கற்பிப்பவர்களும் சைலபோனில் மற்ற கட்டைகளைக் கழற்றிவிட்டு இந்த ஐந்தில்தான் தொடங்குவார்கள். ஆனால் பிள்ளைகள் பழகப் பழக, கழற்றிய கட்டைகள் திரும்பி வரும். உங்கள் முற்றத்தில் அவை வரவே போவதில்லை. தப்பு வர வழியே இல்லை என்றால், நான் செய்தது சரியாக வந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? பாட்டை நீங்களே முடித்து வைத்துவிட்டு, வந்தவரைக் கால் மட்டும் வைக்கச் சொல்கிறீர்கள்.

சிறுவயதில் மாமா என்னை நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய இசைத்தூண்கள் உண்டு. உள்ளங்கையால் தட்டினேன். வெறும் கல். முஷ்டியால் குத்தினேன். வலித்தது. மாமா பார்த்துக்கொண்டே நின்றார், சொல்லித் தரவில்லை. எந்த இடத்தில், விரல் கணுவால் எவ்வளவு லேசாகத் தட்ட வேண்டும் என்று நானே பிடித்தபோது, மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். அப்புறம் பக்கத்துத் தூண், மறுபடி முதல் தூண், நடுவில் ஒரு தப்புத் தட்டல். நான் செய்த முதல் மெட்டு அதுதான். படுமோசமான மெட்டு. "நல்லாருக்குலே" என்று மாமா கூசாமல் பொய் சொன்னார்.

இன்று யாரையும் அந்தத் தூண்களைத் தட்டச் சொல்லமாட்டேன். கல் தாங்காது. தாராசுரம் கோயிலில் தட்டினால் ஒலிக்கும் இசைப்படிகளுக்குக் கம்பித் தடுப்பே போட்டுவிட்டார்கள், நியாயம்தான். உங்கள் பலகை உடைந்தால் வேறு பலகை வாங்கலாமே, தம்பி. ஏன் இத்தனை பயம்?

இசைக்கலைஞர் டேவிட் பைர்ன் 2005ல் ஸ்டாக்ஹோமிலும் 2008ல் நியூயார்க்கின் ஒரு பழைய படகுத்துறைக் கட்டிடத்திலும் செய்ததைப் பாருங்கள். நடுவில் ஒரு பழைய ஆர்கன் வாத்தியம். அதிலிருந்து கட்டிடத்தின் தூண், உத்திரம், குழாய் என்று எல்லாவற்றுக்கும் இணைப்பு. ஒரு கட்டையை அழுத்தினால் தூணில் அடி விழும், இன்னொன்று உத்திரத்தை அதிரவைக்கும், வேறொன்று குழாயில் காற்றை ஊதும். ஒலிபெருக்கி கிடையாது, கணினி ஒலி கிடையாது. பியானோ படித்தவரும் பள்ளிச் சிறுவனும் அங்கே ஒன்றுதான், இருவருமே தேடித்தான் ஆகவேண்டும்.

இனிமைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கனடாவின் மாண்ட்ரியல் இருக்கிறது. 2011ல் அங்கே 21 ஊஞ்சல்கள் வைத்தார்கள். தனியாக ஆடினால் தனி ஸ்வரங்கள். மற்றவர்களோடு ஒத்து ஆடினால்தான் சில மெட்டுகள் வரும். விலங்குகளின் நடத்தையை ஆராயும் பேராசிரியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். அங்கேயும் யாருக்கும் காது வலிக்கவில்லை. ஆனால் கிடைக்காமல் போகக்கூடிய ஒன்று இருந்தது.

சரி, சென்சர். ஆன், ஆஃப் மட்டும் தெரிந்தது வேண்டாம். மெதுவாக வைத்த காலுக்கும் ஓங்கி மிதித்த காலுக்கும் ஒலி மாறவேண்டும். பியெசோ தகடு மலிவு, அடியின் பலத்தைச் சொல்லிவிடும். மிதித்த பிறகு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும், இது என் கால் செய்ததுதானா என்ற சந்தேகம் வந்துவிடும். காந்தாரத்துக்குப் (க) பக்கத்திலேயே மத்யமத்தை (ம) வையுங்கள், உரசட்டும். நிஷாதத்தையும் (நி) கொண்டுவாருங்கள்.

விளக்கக் குறிப்புக்குப் பதில் 'மிதிக்கவும்' என்று எழுதி ஒட்டுங்கள். தேர்வுக்குழு அதற்கு மேல் ஏதாவது கேட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களையும் ஏறச் சொல்லுங்கள்.