அண்ணாந்து பார்க்காமல் குவிமாடம் பார்க்கலாம்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து குடும்பத்தோடு இத்தாலிக்குத் திருயாத்திரை போகிறோம். மிலானில் ஒரு நாள் ஓய்வு. பார்மா நகரில், பேராலயத்துக்குப் பின்னால் அதிகம் பேர் போகாத ஒரு கோயிலில் ஓவியக் குவிமாடம் இருக்கிறதாம். அப்பா தோட்டத்தில் 30 வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். கழுத்தைத் தூக்க முடியாது. கூட்டிப் போனால் வீண்தானா?

பதில்: வீணே இல்லை. நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு நாள் முழுக்க அண்ணாந்த கழுத்து அது. அதற்கு மறுபடி அதே வேலையைக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முகக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவில் படுக்கையாகப் பிடித்து அப்பா குனிந்து பார்த்தால் குவிமாடம் கைக்குள் வந்துவிடும். செல்ஃபி கேமராவும் உதவும். எனக்கென்னவோ கண்ணாடிதான் பிடிக்கும்.

சரி, எங்கே நிற்பது? பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நீங்கள் சொல்வது சான் ஜோவானி எவாஞ்சலிஸ்தா, அதாவது நற்செய்தியாளர் யோவான் கோயில். பெனடிக்ட் சபைத் துறவிகளுடையது. குவிமாடத்தை இத்தாலிய ஓவியர் கொரெஜ்ஜோ 1520க்கும் 1524க்கும் இடையில் வரைந்தார். நடுக்கூடத்திலிருந்து பார்த்தால் ஒளிக்கு நடுவே கிறிஸ்து, சுற்றிலும் மேகங்களில் உட்கார்ந்த திருத்தூதர்கள். பத்மு தீவில் இந்தக் காட்சியைக் கண்ட கிழவர் யோவானை மட்டும் காணோம்! அவரை வாசல் பக்கத்து விளிம்பில் வரைந்திருக்கிறார் கொரெஜ்ஜோ. பீடத்தருகே செபிக்கும் துறவிகளுக்குத்தான் அவர் நன்றாகத் தெரிவார். அதனால் முன்னால் எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அதுவரை போய், வாசலைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். அப்பாவுக்கு யோவானைக் காட்டிவிட்டால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.

உள்ளே வெளிச்சம் குறைவு. வெயிலிலிருந்து வந்ததும் 10 நிமிடம் பெஞ்சில் உட்காரட்டும், கண் பழகிவிடும்.

பேராலயத்தின் குவிமாடமும் கொரெஜ்ஜோவின் கைவேலைதான். வானில் தொங்கும் அத்தனை கால்களைப் பார்த்து அந்தக் காலத்தில் ஒருவர் 'தவளைக் கறி' என்று கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். நேரம் இருந்தால் பாருங்கள். ஆனால் முதலில் யோவானிடம் போங்கள். கூட்டம் குறைவு, அப்பாவை யாரும் இடிக்க மாட்டார்கள்.

மிலானிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இத்தாலியில் பல கோயில்களை மதியம் பூட்டிவிடுவார்கள், அதனால் காலை ரயிலையே பிடியுங்கள். பூசை நடந்தால் முடியும்வரை கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டாம்.