சூப்பர் சீஃப் முதல் முதுநகர் வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, என் பையன் ஒரு படத்த காட்டி இது என்ன இன்ஜின்னு நச்சரிக்கறான். மூக்கு உருண்டையா, முன்னாடி சிகப்பு, பின்னாடி எல்லாம் வெள்ளி. அமெரிக்கா ரயில்னு மட்டும் தெரியுது. (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

தம்பிக்கு நல்ல கண்ணு. அது சான்ட்டா ஃபே ரயில்வேயோட பெயின்ட். சிகாகோல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன சூப்பர் சீஃப் ரயிலுக்காக 1937ல வந்தது, ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த லீலண்ட் நிக்கர்பாக்கர்னு ஒரு ஓவியர் போட்ட டிசைன். பூர்வகுடி மக்கள் தலையில வைக்கற இறகுக் கிரீடம் மாதிரி அந்த சிகப்பு மூக்குல இருந்து பக்கவாட்டுல வழிஞ்சு வரும், பையன்கிட்ட அத காட்டுங்க.

சூப்பர் சீஃப் 1936 மே மாசம் ஓட ஆரம்பிச்சுது. சுமார் 3,580 கிலோமீட்டர், 39 மணி 45 நிமிஷத்துல போகும். நம்ம சென்னை டெல்லி சுமார் 2,200தான், கணக்கு போட்டுப் பாருங்க. சான்ட்டா ஃபே டீசல் பக்கம் சாஞ்சதுக்கு வேகம் மட்டும் காரணமில்ல, தண்ணியும்தான். அந்த லைன் அரிசோனா, கலிபோர்னியா பாலைவனம் வழியா போகுது. நீராவி இன்ஜினுக்கு வழி நெடுக தண்ணி வேணும், அங்க நல்ல தண்ணி கிடைக்காத இடத்துக்கு டேங்கர் வண்டியில ரயில்லயே கொண்டு போய் வச்சாங்க. டீசலுக்கு அந்தப் பாடு கிடையாது. சாம்பல் அள்ள வேணாம், அங்கங்க நின்னு இன்ஜின் மாத்த வேணாம், ஒரே இன்ஜின் செட்டு கடைசி வரைக்கும் போயிடும்.

அந்த நீள மூக்கு அழகுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. லெவல் கிராசிங்ல லாரி மேல மோதினா டிரைவருக்கு அடிபடாம இருக்கணும்னுதான் கேபின பின்னாடி தள்ளி ஒசத்தி வச்சாங்க.

கேள்வி: பழைய அமெரிக்கா ரயில் படத்துல ஒரே ரயிலுக்கு மூணு நாலு இன்ஜின் ஒட்டிக்கிட்டு போகுதே, நடுவுல உள்ளதுக்கு கண்ணாடியே இல்ல, டிரைவர் எங்க உக்காருவார்? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நடுவுல உள்ளதுல டிரைவரே கிடையாதும்மா. அத பி யூனிட்னு சொல்லுவாங்க, கேபின் வச்சது ஏ யூனிட். கேபிள் போட்டு இணைச்சுட்டா முன்னாடி ஒருத்தர் த்ராட்டில திருப்பினா எல்லா இன்ஜினும் சேர்ந்து இழுக்கும். நீராவி காலத்துல ரெண்டு இன்ஜின் போட்டா ரெண்டு செட்டு ஆளு வேணும், அந்தச் செலவு இங்க இல்ல.

இன்னொன்னு, டீசல் நேரா சக்கரத்த சுத்தாது. டீசல் ஜெனரேட்டர சுத்தும், அந்த கரன்ட்டு அடியில அச்சுல இருக்கற மோட்டாருக்குப் போகும். அதனால எத்தன அச்சுல மோட்டார் இருக்குங்கறதுதான் பெரிய விஷயம். ஜெனரல் மோட்டார்ஸோட இ சீரிஸ் இன்ஜின் நீளமானது, உள்ள ரெண்டு டீசல் மிஷின், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இழுத்துடும். 1945ல வந்த இ7ல ரெண்டும் சேர்ந்து 2,000 குதிரைத்திறன். ஆனா ஆறு அச்சுல நாலுக்குத்தான் மோட்டார், நடுவுல உள்ள ரெண்டும் வெயிட்ட தாங்க மட்டும். சமதரையில பறக்கும், மலை ஏறறப்ப சக்கரம் வழுக்கும். எஃப் சீரிஸ் சின்னது, 1949ல வந்த எஃப்7ல 1,500 குதிரைத்திறன்தான், ஆனா நாலு அச்சுக்கும் மோட்டார், மொத்த வெயிட்டும் இழுக்கற சக்கரத்து மேல உக்காரும். மலைப்பக்கம் போற கம்பெனிங்க நாலு எஃப்ப கோத்து ஓட்டினதுக்கு காரணம் இதான்.

இத கலிபோர்னியா ஜெஃபிர்ல நல்லா பாக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச ரயில். 1949ல இருந்து 1970 வரைக்கும் மூணு கம்பெனி சேர்ந்து சிகாகோவுக்கும் சான்பிரான்சிஸ்கோ பக்கத்துல ஓக்லாண்டுக்கும் ஓட்டினாங்க. டென்வர் வரைக்கும் சமதரை, இ சீரிஸ். டென்வர்ல அத கழட்டிட்டு ராக்கி மலைக்கு எஃப் சீரிஸ் மாட்டுவாங்க. சால்ட் லேக் சிட்டில மறுபடி வேற கம்பெனி இன்ஜின். அந்த ரயில்ல கண்ணாடி மாடம் வச்ச பெட்டி அஞ்சு இருக்கும். அந்த மாடத்துக்கு யோசனை வந்ததே இன்ஜின் கேபின்லதான். 1944ல ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி சைரஸ் ஆஸ்போர்ன் கொலராடோ மலை இடுக்குல எஃப் இன்ஜின் கேபின்ல உக்காந்து போனார், இந்தக் காட்சி டிரைவருக்கு மட்டும் கிடைக்குதே, டிக்கெட் வாங்கினவங்களுக்கும் கிடைக்கணும்னு தோணிச்சு, வரைஞ்சார். மலையெல்லாம் பகல்ல வர்ற மாதிரி டைம்டேபிளே போட்டாங்கன்னா பாருங்க, எவ்வளவு அக்கறை!

கேள்வி: அந்த ரயிலெல்லாம் இப்பவும் ஓடுதா சார்? (மாணவர், நெல்லிக்குப்பம்)

கார், விமானம் வந்ததும் கூட்டம் போச்சு, நஷ்டம். 1971 மே 1ல ஆம்ட்ராக்னு அரசாங்க ரயில் கம்பெனி வந்து பெரும்பாலான தொலைதூர ரயில எடுத்துக்கிச்சு, பழைய இ, எஃப் இன்ஜின்களோடதான் ஆரம்பிச்சாங்க. 1983ல கலிபோர்னியா ஜெஃபிர் பேரும் திரும்ப வந்துடுச்சு, இன்னைக்கும் ஓடுது. உருண்டை மூக்க மியூசியத்துலயும் சில சுற்றுலா ரயில்லயும் பாக்கலாம்.

கேள்வி: நான் ரயில்வேல இருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர் கேஜ்ல ஓடின டீசல அமெரிக்கா இன்ஜின்னு அப்ப சொல்லுவோம். அது சரியா, இல்ல சும்மா பேச்சா? (வாசகர், கடலூர் முதுநகர்)

ஐயா, நூத்துக்கு நூறு சரி. இந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ நாளா காத்துக்கிட்டு இருந்தேன்.

நீங்க பார்த்தது ஒய்டிஎம்4. நியூயார்க் மாநிலத்துல ஷெனெக்டடின்னு ஒரு ஊர், அங்க இருந்த ஆல்கோ கம்பெனியோட டிசைன். நீராவி காலத்துல அவங்க ரொம்பப் பெரிய ஆளு. டீசல் வந்தப்ப ஜெனரல் மோட்டார்ஸோட மல்லுக்கட்ட 1946ல பிஏன்னு ஒரு பயணிகள் இன்ஜின் விட்டாங்க, 2,000 குதிரைத்திறன், நீளமான மூக்கு. அமெரிக்கா ஓட்டினதுலயே அழகான டீசல் அதுதான்னு நான் சொல்லுவேன், சான்ட்டா ஃபே சிகப்புல அது நிக்கற படத்த மணிக்கணக்கா பாத்திருக்கேன். ஆனா உள்ள இருந்த 244ங்கற மாடல் டீசல் மிஷின அவசரமா கொண்டு வந்துட்டாங்க, கிராங்க்ஷாஃப்ட், டர்போ (மிஷினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளற பாகம்)னு தொந்தரவு மேல தொந்தரவு. கம்பெனிங்க ஜெனரல் மோட்டார்ஸ் பக்கம் போயிட்டாங்க, 1953ல பிஏ நின்னு போச்சு.

அந்தத் தப்பெல்லாம் திருத்தி ஆல்கோ செஞ்சதுதான் 251. தங்கமான மிஷின், ஆனா அங்க வாங்க ஆள் குறைஞ்சுட்டாங்க, 1969ல ஆல்கோவையே மூடிட்டாங்க. அதுக்குள்ள அந்த 251 நம்மகிட்ட வந்து சேர்ந்துடுச்சு. அகலப்பாதைக்கு பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்2, வாரணாசில மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல செஞ்சாங்க. மீட்டர் கேஜுக்கு ஆறு சிலிண்டர், அதுதான் உங்க ஒய்டிஎம்4. பொறந்த நாட்டுல கம்பெனியே மூடிப்போச்சு, அதுக்கப்புறமும் எத்தனையோ வருஷம் அந்த மிஷின் கடலூர் வழியா மாயவரத்துக்கு வண்டி இழுத்துக்கிட்டு இருந்துச்சு ஐயா.

ஸ்டேஷன விட்டு கிளம்பறப்ப கருப்பா ஒரு புகை குபுகுபுன்னு விடுமே, ஞாபகம் இருக்கா? டர்போ சுத்தி வேகம் பிடிக்கறதுக்குள்ள டீசல் அதிகமா உள்ள போயிடும், காத்து பத்தாது, அதான். சின்ன வயசுல எங்க பாட்டி வீடு லைன் ஓரம், ராத்திரி அந்த இன்ஜின் நின்னு லக் லக் லக்னு துடிக்கற சத்தத்துலதான் தூங்குவேன். 2010ல அகலப்பாதை வந்தப்ப சந்தோஷம்தான், ஆனா அந்த சத்தம் போச்சு.

முதுநகர் ஜங்ஷன்ல ஒய்டிஎம்4 நிக்கற போட்டோ உங்ககிட்டயோ கூட வேலை பார்த்தவங்ககிட்டயோ இருந்தா அனுப்புங்க ஐயா, அடுத்த இதழ்ல போடறோம்.