இக்னிஷன் காயில் பாவம், அதை விட்டுவிடுங்கள்

கேள்வி: அண்ணா, தாத்தா விட்டுப்போன 1969 எம்ஜிபி ஜிடி கார் ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு முன் ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நின்றபோது இருமி அணைந்துபோனது, சித்தப்பாவின் பாக்கியில் (பிக்கப் வண்டியில்) கட்டி இழுத்து வந்தோம். அப்போது சுற்றினால் எப்போதாவது ஒரு பொறி வந்தது. பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், காயில், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டேன், இப்போது அதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, மீட்டர் வைத்தால் காயிலில் 12 வோல்ட் காட்டுகிறது. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றிவிடு என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. முன்பு எப்போதாவது பொறி வந்தது, பாகங்களை மாற்றியபின் சுத்தமாக நின்றுவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் பழைய கோளாறு ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது, அதற்கு மேல் புதிதாக ஒன்றை நீங்களே சேர்த்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையே நானும் செய்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வரி: காயில் பேட்டரி வோல்ட்டைப் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் என்ற சுவிட்ச் திறக்கும்போதெல்லாம் பொறி பிறக்கும், கண்டன்சர் அந்தப் பாயின்ட் கருகாமல் காக்கும், சுற்றும் ரோட்டார் பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும். முதலில் அந்த 12 வோல்ட். மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் அது இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லை என்பதால் பச்சை பூத்த ஜாயின்ட் வழியாகக்கூட 12 காட்டிவிடும். பல்பு போட்ட சாதாரண டெஸ்ட் லாம்ப் ஒன்றை எடுங்கள். சாவியை ஆன் செய்து, லாம்பின் ஒரு முனையை எர்த்தில், அதாவது காரின் வெற்று உலோகத்தில், கொடுத்து, மறுமுனையைக் காயிலின் பிளஸ்ஸில் வையுங்கள். பிரகாசமாக எரிந்தால் சரி. மங்கினால் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட வேண்டியதுதான், ஏனென்றால் உங்கள் வருடத்து எம்ஜிபியில் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயர் ஆர்பிஎம் மீட்டர் வழியாகச் சுற்றித்தான் போகிறது. மீட்டருக்குப் பின்னால் இருக்கும் ஜாயின்ட் டர்பன் உப்புக் காற்றில் கெட்டுப்போயிருந்தால், முள் ஆடுவதோடு இன்ஜினும் இருமும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள், பொறி வந்தால் குற்றவாளி அந்தப் பாதையில்தான். (இந்த ஒயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் அணையாது, ஒயரைத்தான் பிடுங்க வேண்டும்.)

அப்புறம் லாம்பைக் காயிலின் மைனஸுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் வந்து சேரும் பக்கத்துக்கு, மாற்றி வைத்து ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். லாம்ப் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. அணையாமலே எரிந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஆடும் தட்டைப் பாடியோடு இணைக்கும் மெல்லிய பின்னல் ஒயர் அறுந்திருக்கிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி அந்த ஒயர் உள்ளேயே அறுந்துபோகும், மேலே துணி மட்டும் முழுசாகத் தெரியும். உங்கள் பழைய இருமலுக்கு என் சந்தேகம் இதன் மேல்தான்.

எரியவே இல்லை என்றால்? டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் காயிலிலிருந்து கழற்றுங்கள். உடனே லாம்ப் எரிந்தால் காயில் நல்லது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கேயோ நேராக எர்த் ஆகிறது. கண்டன்சரைக் கழற்றி ஒதுக்கிவைத்து ஒருமுறை பாருங்கள், புதுசு என்பதால் அது யோக்கியம் என்று அர்த்தமில்லை. ஆனால் பத்துக்கு எட்டு தடவை குற்றம் அந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக் வாஷரில்தான். உங்கள் காரில் இருக்கும் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டின் ஸ்பிரிங் ஒரு சின்னக் கம்பத்தில் மாட்டும். அடியில் ஒரு பிளாஸ்டிக் வாஷர், மேலே தொப்பி மாதிரி ஒரு புஷ். ஸ்பிரிங்கின் கண், கண்டன்சர் ஒயரின் கண், காயில் ஒயரின் கண் மூன்றும் அந்தத் தொப்பியின் கழுத்தில் ஒன்றையொன்று தொட்டபடி உட்கார வேண்டும், கம்பத்தையோ மேலே இருக்கும் நட்டையோ எதுவும் தொடக்கூடாது. ஒரு கண் தொப்பிக்கு மேலே போய்விட்டால் போதும், பாயின்ட் திறந்தாலும் மூடினாலும் காயிலுக்கு ஒன்றுதான். ஒரு புரட்டாசி சனிக்கிழமை முழுக்க, வெறும் வயிற்றோடு, இதைக் கண்டுபிடிக்காமல் நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன்தான் "அங்கிள், இந்த வாஷர் எதுக்கு வெளியே கிடக்கு" என்று கேட்டான்.

எல்லாம் சரியானதும் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிளக் ஒயர்களை உருவியிருந்தால் சிலிண்டர் வரிசை 1-3-4-2, ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

காயிலின் தடித்த ஒயரில் பொறி பாய்ந்தும் பிளக்குக்கு வரவில்லையென்றால் புது ரோட்டாரைச் சந்தேகியுங்கள். ஒயரின் முனையை ரோட்டாரின் பித்தளைக்கு மேல் ஐந்தாறு மி.மீ. உயரத்தில், ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்துக்கொண்டு, பாயின்ட்டைத் தட்டித் திறந்து பாருங்கள். விடாமல் பொறி குதித்தால் அது ரோட்டாரைத் துளைத்துக் கீழே தண்டுக்கு இறங்குகிறது. பழைய ரோட்டாரைத் தூக்கிப் போடவில்லையே? சாவியை ஆன் செய்து மறந்துவிட்டுப் போகாதீர்கள், பாயின்ட் மூடிய நிலையில் காயில் சுட்டுப்போகும்.

எலக்ட்ரானிக்குக்கு நான் எதிரி அல்ல. கோளாறைக் கண்டுபிடித்தபின் போடுங்கள், பாயின்ட் தட்டை டிக்கியில் வைத்திருங்கள்.

கேள்வி: என் 1976 எம்ஜிபி சாவியைத் திருப்பும்போது பிடிக்கிறது, சாவியை விட்ட நொடியில் அணைகிறது. கார்புரேட்டரா?
— ஒரு வாசகர், டொங்காட்

பதில்: இல்லை. உங்கள் காரில் காயில் 6 வோல்ட் வகை. ஓடும்போது தடை (ரெசிஸ்டன்ஸ்) ஒயர் ஒன்றின் வழியாக அதற்குக் குறைந்த வோல்ட் போகும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் அதன் சோலனாய்டு சுவிட்சிலிருந்து தனி ஒயரில் பேட்டரியின் முழு வோல்ட். இரண்டாவது வழி நன்றாக இருக்கிறது, முதலாவது அறுந்திருக்கிறது, அல்லது சாவி சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. சாவி ஆனில், பாயின்ட் மூடியிருக்கும்போது காயில் பிளஸ்ஸில் 6 வோல்ட் சுமாருக்கு வர வேண்டும். பூஜ்யம் என்றால் அந்தத் தடை ஒயர் கட்டுக்குள்ளே ஒளிந்திருப்பதால் தேடி அலைய வேண்டாம், வெளியில் 1.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். அல்லது 3 ஓம் காயிலும் சாதாரண ஒயரும். 3 ஓம் காயிலையும் ரெசிஸ்டரையும் சேர்த்துப் போட்டால் பொறி சோகையாகிவிடும்.

கேள்வி: என் கார் காலைப் பனியில் ஸ்டார்ட் பிடிக்காது, பதினொரு மணிக்குப் பிடிக்கிறது.
— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, உங்கள் ஊர் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் பனி மெதுவாகத்தான் எழுந்து போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கினது போல மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சுரண்டாதீர்கள், மூடியை மாற்றுங்கள். கோடு இல்லையென்றால் பிளக் ஒயர்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் நீலப் பொறி ஒயர் மேல் ஓடுவது தெரியும், லோட் ஷெடிங்கால் (மின்வெட்டால்) எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான். அதுவரை காலையில் முடி காய வைக்கும் டிரையரை மூடிக்கும் கொஞ்சம் காட்டுங்கள்.