முதுகு காட்டியவனும் கிளவுஸில் கை வைத்தவனும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

குத்துச்சண்டை வீரர் ரொபர்டோ டுரான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் மேல் ஏன் இவ்வளவு பரிவு? டைசன் காதைக் கடித்தான், டுரான் முதுகைக் காட்டினான். என்னைப் பொறுத்தவரை ரெண்டும் ஒன்றுதான். மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டதும் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு கிளம்பிய தாய் பிறந்த மண் இது.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. போன வாரம் நடந்த போட்டியில் இரண்டாவது ரவுண்டில் கையைத் தூக்கி, நடுவரிடம் 'போதும்' என்று சொல்லிவிட்டான். வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் போயிருந்தோம். 'விடாதடா' என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு நான் பேசவில்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம். தோற்றவன் சொல்கிற சாக்குதானே இது?

பெயர் வேண்டாம்.

– தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கண்ணைப் பாருங்கள். இரண்டிரண்டாகத் தெரிந்தது என்பது சாக்கு இல்லை. முகத்தில் பலமாக அடி விழுந்தால் கண்குழியைச் சுற்றியிருக்கிற மெல்லிய எலும்பு உடையலாம். கண்ணை அசைக்கிற தசை அந்த உடைவில் சிக்கினால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். தலைக்குள் அடிபட்டிருந்தாலும் அப்படித் தெரியலாம். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையோ, மதுரை அரவிந்தோ, எங்காவது இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி, டுரான். 1980 ஜூனில் மாண்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை வென்றவர், அதே ஆண்டு நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் எட்டாவது ரவுண்டில் கையை உதறிவிட்டுத் திரும்பி நடந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை. லெனார்ட் கேலி காட்டிக் காட்டியே அவரைப் பாடாய்ப் படுத்தியிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டது என்று டுரான் பிறகு சொன்னார். அவர் செய்தது சரி என்று அன்றும் நான் எழுதவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்று அவர் கெடுத்துக்கொண்டது தன் பெயரை மட்டும்தான். எதிரில் நின்றவன் உடம்பில் அதனால் ஒரு கீறல் விழவில்லை.

1997 ஜூனில் டைசன் கடித்தபோது எதிராளி ஹோலிஃபீல்டின் காதிலிருந்து ஒரு துண்டு மேடையில் விழுந்தது. 30 லட்சம் டாலர் அபராதம், லைசென்ஸ் ரத்து. அடுத்த ஆண்டே லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது, கூட்டமும் திரும்ப வந்தது. இந்த இரண்டையும் எப்படித் தம்பி ஒரே தராசில் வைக்கிறீர்கள்?

1983 ஜூன் 16, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். டுரானுக்கு அன்று 32 வயது நிறைந்தது. டேவி மூரை எட்டாவது ரவுண்டில் முடித்துவிட்டு அவர் நின்றபோது அரங்கமே பிறந்தநாள் வாழ்த்துப் பாடியது. ஓடிப்போனவன் என்று ஏசிய அதே உலகம்தான். அந்த ஆட்டத்துக்கு முன்னால் அதே மேடையில் லூயிஸ் ரெஸ்டோவும் பில்லி காலின்ஸும் 10 ரவுண்டு ஆடினார்கள். காலின்ஸுக்கு 21 வயது, அதுவரை தோல்வியே இல்லை. ஆட்டம் முடிந்தபோது முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. எதிராளிக்குக் கைகொடுக்கப் போன காலின்ஸின் அப்பா ரெஸ்டோவின் கிளவுஸைப் பிடித்தார். உள்ளே இருக்க வேண்டிய மெத்தை இல்லை. முட்டி எலும்பு கைக்கு நேராகத் தட்டுப்பட்டது. விடாமல் பிடித்துக்கொண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டார். திணிப்பை எடுத்தது ரெஸ்டோவின் பயிற்சியாளர் பனாமா லூயிஸ் என்று வழக்கு நடந்தது. 1986-ல் இரண்டு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி ஜெயிலுக்குப் போனார்கள். கையில் சுற்றிய துணியிலும் பிளாஸ்டர் ஏற்றியிருந்ததாக ரெஸ்டோ பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார். காலின்ஸின் கருவிழி கிழிந்து பார்வை மங்கியது. மறுபடி அவர் மேடை ஏறவே இல்லை. அடுத்த ஆண்டு கார் விபத்தில் இறந்தார்.

காலின்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பி. 10 ரவுண்டும் நின்றான். நடுவில் அவன் 'போதும்' என்று சொல்லியிருந்தால் அரங்கில் எத்தனை பேர் 'விடாதே' என்று கத்தியிருப்பார்கள்? உங்களைக் குத்திக்காட்ட இதைக் கேட்கவில்லை. எதிரில் இருப்பவன் கிளவுஸுக்குள் என்ன இருக்கிறது, அடி வாங்குகிறவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது கீழே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது. 1982-ல் லாஸ் வேகாஸில் கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டு வரைக்கும் நின்றார். சில நாளில் செத்துப்போனார். 15 ரவுண்டு பட்டப் போட்டிகளை 12 ஆகக் குறைக்கும் பேச்சு அந்தச் சாவுக்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

1975-ல் மணிலாவில் முகமது அலியோடு 14 ரவுண்டு முடித்துவிட்டு ஜோ ஃப்ரேசியர் நாற்காலிக்கு வந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரவுண்டு. கண் தெரியவில்லை, ஆனாலும் போகிறேன் என்று எழுந்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை உட்காரவைத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். மேடையில் அடிபட்டுச் செத்தவர்களை ஃபட்ச் பார்த்திருக்கிறார். ஃப்ரேசியருக்குக் கோபம். ஆனால் அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

நம் தென்கடலில், கீழக்கரைப் பக்கம், சங்கு குளித்தவர்கள் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கயிறு ஆடினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னும் ரெண்டு சங்கு பார்த்துவிட்டு வரக் கூடாதா என்று எவனும் கேட்பதில்லை. உங்கள் மருமகன் கையைத் தூக்கினானே, அது கயிறு ஆடியது. கார்னரில் இருந்த பயிற்சியாளர், ஆட்டம் போதும் என்று துண்டை மேடைக்குள் வீசியிருக்க வேண்டும். அவர் வீசவில்லை. பதினேழு வயதுப் பையன் தானே சொல்ல வேண்டியதாயிற்று, அதுவும் சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

டேனியல் டுபுவா என்ற ஆங்கில வீரர் 2020-ல் ஜோ ஜாய்ஸுக்கு எதிராக 10-வது ரவுண்டில் முழங்காலிட்டார். பழைய சாம்பியன்களே கோழை என்கிற தொனியில் பேசினார்கள். கண்குழி எலும்பு உடைந்திருந்தது பிறகு தெரிந்தது. 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் அந்தோணி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தது அதே டுபுவாதான்.

அந்தச் சங்கப்பாட்டுத் தாயையும் நீங்கள் பாதியோடு விட்டுவிட்டீர்கள். அவள் கேட்டது ஊரார் பேச்சு. கேட்டதும் வீட்டில் உட்கார்ந்து மகனைத் தூற்றவில்லை. களத்துக்குப் போய், கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஊரார் சொன்னது பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் ஒரு வாரமாக அந்தப் பையனின் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

கோபப்பட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. வயதுச் சான்றிதழைத் திருத்திப் பெரிய பையனைச் சின்னவனோடு மோத விடுகிறார்கள். நடுவர் பார்க்காத பக்கத்தில் இடுப்புக்குக் கீழே குத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதையெல்லாம் கண்டால் எழுந்து நின்று கத்துங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன்.

அவன் மறுபடி கிளவுஸ் மாட்டலாமா என்பதை முதலில் டாக்டர் சொல்லட்டும், அப்புறம் அவன் சொல்லட்டும். பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும், மாமன் நீங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா